திரைக்கு அப்பால் கேட்ட சிரிப்பு

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது நம் நாட்டுப் பழமொழி. அது ‘பேரை’ அன்று, ‘வேரை’ என்று அறிஞர் சிலர் திருத்தம் சொல்வர். ஆயிரம் மூலிகை வேர்களைப் பிடுங்கி, இடித்து, காய்ச்சிப் பழகியவனே பாதி வைத்தியன் ஆவான் என்பது அவர்கள் கொள்ளும் பொருள். திருத்தம் சரியாகவே இருக்கலாம். ஆயினும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது ‘பேரை’ என்னும் பாடந்தான். மருத்துவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை மக்கள் எளிதில் விட்டுக் கொடுப்பார்களா என்ன?

இந்தச் சிரிப்பு நற்செய்தி நூலுக்குள்ளும் எட்டிப் பார்க்கின்றது. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப் போக்கினால் வருந்திய பெண்ணைப் பற்றிக் கூறும்போது, அவள் மருத்துவர் பலரிடம் சென்று மிகவும் துன்பப்பட்டாள், கைப்பொருளை எல்லாம் இழந்தாள், அப்படியும் நோய் மிகுந்ததே அன்றிக் குறையவில்லை என்று மாற்கு சற்றும் தயங்காமல் எழுதிவிடுகின்றார். அதே நிகழ்ச்சியை லூக்காவும் எழுதுகின்றார். ஆனால் மருத்துவரிடம் சென்று அவள் பட்ட துன்பத்தையும், நோய் முற்றிப் போனதையும் விட்டுவிட்டு, எவராலும் அவளைக் குணமாக்க முடியவில்லை என்று மென்மையாகச் சொல்லி மேலே சென்றுவிடுகின்றார். லூக்கா மருத்துவர் என்பது மரபு. தொழில் பாசம் யாரை விட்டது?

மக்கள் மருத்துவரைப் பார்த்துச் சிரிக்கின்றார்கள். மருத்துவரும் திரும்பச் சிரிக்கின்றார்கள். முன்னது தெருவில் நடப்பது. பின்னது மூடிய அறைக்குள், பணி மாறும் வேளையில், தேநீர்க் கோப்பைகளுக்கு இடையில் நடப்பது. அது நம் காதில் விழ வேண்டும் என்று அவர்கள் எண்ணுவதில்லை. எனினும் சில வேளைகளில் விழுந்துவிடுகின்றது. நம் காதில் ஒரு முறை விழுந்தது.

1994ஆம் ஆண்டு. நம் தமையனார் தாம்பரம் மின்தொடர் வண்டிப் பணிமனையில் பொருத்துநராக வேலை பார்த்தவர். நாற்பத்து நான்கு வயது. நெஞ்சு வலி கண்டு நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் தேறி வருவது போலவே இருந்தது. அன்றிரவு இரண்டு மணிக்கு மீண்டும் வலி. நம் கையில் ஒரு சீட்டைத் திணித்து, கீழே மருந்துக் கடையில் ஊசி மருந்து வாங்கி வருமாறு விரட்டினார்கள். வாங்கிக்கொண்டு படியேறி வந்தபோது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. வெளியே விசிப்பலகையில் அண்ணி செபமாலையும் கையுமாக அமர்ந்திருந்தார்கள். திரைக்கு அப்பால் இரண்டு இளங்குரல்கள். “பதினேழு என்ன ஆச்சு?” என்றது ஒன்று. “மேல் மாடிக்கு ஷிஃப்ட் பண்ணியாச்சு” என்றது மற்றொன்று. தொடர்ந்து ஒரு சிரிப்பு. பெரிய சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூக்கின் வழியே வெளிப்படும் களைத்த சிரிப்பு.

அண்ணி எழுந்தார்கள். வெந்நீர்க் குடுவை, துண்டு, மருந்துச் சீட்டுகள் வைத்திருந்த பை எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். “தம்பி, மேல் மாடிக்கு எந்தப் பக்கம் படி?” என்று நம்மைக் கேட்டார்கள்.

நாங்கள் நின்றிருந்ததே கட்டடத்தின் கடைசி மாடி. அதற்கு மேலே மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியுமே இருந்தன.

அந்தக் கேள்விக்கு நாம் என்ன விடை சொன்னோம் என்பதை இங்கு எழுதப் போவதில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்த பயிற்சி மருத்துவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். அண்ணியின் கையிலிருந்த குடுவையைப் பார்த்தார். அவர்கள் கண்கள் படியைத் தேடுவதைப் பார்த்தார். நடந்தது இன்னதென்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிற்று. ஒன்றும் பேசாமல் குடுவையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அண்ணியின் முழங்கையைப் பற்றி விசிப்பலகையில் அமர்த்தினார். அவருடைய சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. முக்கால் மணி நேரம் தமையனாரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பதைச் செவிலியர் ஒருவர் பிறகு சொன்னார்.

அந்த இளைஞரை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது என்று நெடுநாள் தடுமாறினோம். முக்கால் மணி நேரம் போராடிய கையும், ஒரு நொடியில் கேலி பேசிய வாயும் ஒரே ஆளுடையவை. இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட முடியுமானால் நம் வேலை எளிதாகியிருக்கும்.

மருத்துவமனை மொழி என்று ஒன்று உண்டு. கட்டிலில் கிடப்பவர் அங்கே ஓர் எண். நோயாளியைக் காட்டிலும் ‘கேஸ்’ என்ற சொல்லே அதிகம் புழங்குகின்றது. இறந்தவர் ‘எக்ஸ்பயர்’ ஆகின்றார். மருந்துப் புட்டிக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் உரிய சொல் அவருக்கும் வந்து சேர்கின்றது. மூச்சு நின்ற மறுகணமே அவர் ‘பாடி’. மருத்துவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் நாம் கேட்பதும் “பாடி எப்போது வருகின்றது, எத்தனை மணிக்கு எடுக்கின்றார்கள்?” என்றுதானே? நேற்றுவரை மாமா என்றும் பெரியம்மா என்றும் அழைத்தவரை ஒரே இரவில் ஆங்கிலச் சொல்லொன்றால் போர்த்தி மூடிவிடுகின்றோம். தமிழில் ‘பிணம்’ என்று சொல்ல நா கூசுகின்றது. ‘பாடி’ என்றால் கூசவில்லை. அந்த இளைஞர் சொன்ன ‘மேல் மாடி’யும் இதற்கு மிகத் தொலைவில் உள்ளதன்று. ‘மேலே போய்விட்டார்’ என்று நாமும் சொல்வதுண்டு. அவர் அதைச் சிரித்துச் சொன்னார். நாம் முகத்தைத் தொங்கவிட்டுச் சொல்கின்றோம்.

தமையனாரின் மகன், அப்போது ஒன்பது வயதுச் சிறுவன், பின்னாளில் மருத்துவமே படித்தான். இன்று பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம் வரை நீளும் பெருஞ்சாலையில் அடிபட்டு வருவோரையும், நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவோரையும் முதலில் தொட்டுப் பார்க்கும் அவசரப் பிரிவில் வேலை செய்கின்றான். முதலாண்டில் உடற்கூற்றுக் கூடத்திலிருந்து வந்த நாட்களில் அவன் கைகளில் ஃபார்மலின் நெடி போகாது. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு உண்ண அமர்வான். தங்கள் மேசைக்கு வந்த உடலுக்கு அவனுடைய குழுவினர் ஒரு திரைப்பட நடிகரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. “பெயர் வைக்கவில்லை என்றால் கத்தி வைக்க முடியாதம்மா” என்றான். பெயர் வைத்தது மரியாதைக் குறைவா, அன்றி அந்த உடலை மீண்டும் ஒரு மனிதராக்கிக்கொள்ளும் முயற்சியா? அவனுக்கே தெரிந்திருக்காது. 2019 முதல் நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் நடத்தையும் அறநெறியும் உரையாடலும் தனிப் பாடமாகச் சேர்ந்துள்ளன. அந்த உடலே மாணவரின் முதல் ஆசிரியர் என்பது அதில் ஒரு பகுதி. நல்லதே. ஆனால் அச்சத்தை விரட்டப் பதினெட்டு வயதில் சிரிப்பைத் தவிர வேறென்ன கிடைக்கும் என்பதற்குப் பாடத்திட்டத்தில் விடை கிடைக்குமா என்பது ஐயமே.

மருத்துவர் தம்மை ஒதுக்கி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு நற்பண்பாகவே போதித்த பெரியவர் ஒருவர் உண்டு. கனடாவில் பிறந்த வில்லியம் ஆஸ்லர் 1889இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்கு வழங்கிய பிரியாவிடை உரை இன்றும் மருத்துவர் வட்டாரத்தில் புகழ் வாய்ந்தது. எந்த நெருக்கடியிலும் முகம் மாறாமை, கை நடுங்காமை, உள்ளம் கலங்காமை என்பதே அதன் சாரம். ஓரளவு உணர்ச்சியின்மை மருத்துவருக்கு நன்மையே என்றார். சொன்னபடி வாழ்ந்தும் காட்டினார். 1917இல் அவருடைய ஒரே மகன் போர்முனையில் மாண்டான். பகலில் ஆஸ்லர் வழக்கம் போல் விருந்தினரை வரவேற்றார், நகைச்சுவையாகப் பேசினார், நோயாளிகளைப் பார்த்தார். இரவில் அவர் தனியே அழுவது வீட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டது என்று எழுதி வைத்திருக்கின்றார்கள். இரண்டு ஆண்டுகளில் அவரும் இறந்தார். மேடையில் அவர் பேசிய உரையைவிட இந்தச் செய்தியே நம் மனத்தில் நிற்கின்றது.

அமெரிக்கரான ஸ்டீபன் பெர்க்மன் என்னும் மருத்துவர் சாமுவேல் ஷெம் என்ற புனைபெயரில் 1978இல் எழுதிய ‘கடவுளின் இல்லம்’ என்னும் நாவலைத் தம்பிமகன் அறையில் கண்டு படித்தோம். (அண்ணன் மகனைத் தம்பிமகன் என்று எழுதிவிட்டோமே என்று வாசகர் நினைக்க வேண்டாம், அவனை வீட்டில் எல்லாரும் ‘தம்பி’ என்றே அழைப்பதால் வந்த வழக்கு இது.) பயிற்சி மருத்துவர்களின் ஓராண்டு வாழ்வைச் சொல்லும் அந்நூலில், குணமும் அடையாமல் இறக்கவும் இறக்காமல் திரும்பத் திரும்ப வந்து சேரும் முதியவர்களுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு. எங்கள் அவசரப் பிரிவை விட்டு வெளியே போ என்பதன் முதலெழுத்துகளால் ஆனது அது. படிக்கும்போது சிரிப்பு வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கங்கள் செல்லச் செல்ல, சிரிப்பவர்களே ஒவ்வொருவராக உடைந்து போகின்றார்கள். ஒருவன் உயிரையே மாய்த்துக்கொள்கின்றான்.

தம்பியிடம் நாம் ஒருநாள் நேராகவே கேட்டோம். “சித்தப்பா, ஒரு குழந்தை செத்துப் போய் அஞ்சு நிமிஷத்துல அடுத்த கட்டில்ல கை உடைஞ்சவர் கத்துவார். அவர்கிட்ட அழுத முகத்தோட போக முடியாது. நடுவுல ஏதாவது ஒண்ணு வேணும்” என்றான். அந்த ‘ஏதாவது ஒன்று’ பெரும்பாலும் கேலிதான். அதற்கு நேரம் செலவாவதில்லை, பணமும் செலவாவதில்லை.

இது நியாயமே. ஆனால் இந்தக் கேலி எல்லார் மீதும் ஒரே அளவில் விழுகின்றதா என்று நாம் கவனித்து வந்திருக்கின்றோம். விழவில்லை. மருத்துவர்கள் தங்களையே கேலி செய்துகொள்வார்கள். தங்கள் மேலதிகாரிகளை, பழுதுபட்ட கருவிகளைக் கேலி செய்வார்கள். நோயாளிகள் என்று வரும்போது, குடித்துவிட்டு விழுந்து மண்டை உடைந்து வருபவர், விஷம் அருந்திப் பிழைத்துக் கிடப்பவர், பேருந்து நிலையத்தில் பெயர் தெரியாமல் மயங்கிக் கிடந்தவர் ஆகியோரே அதிகம் சிரிக்கப்படுகின்றார்கள். தொழிலதிபரின் தாயார் சிறப்பு அறையில் இறந்தால் ‘மேல் மாடி’ என்று எவரும் சொல்லக் காணோம். அச்சத்திலிருந்து பிறந்த சிரிப்பானால் அது சாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஆள் பார்த்துச் சிரிக்கின்றது என்றால் அதில் வேறொன்றும் கலந்திருக்கின்றது. இதைச் சொன்னபோது தம்பி மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

அண்ணியின் தீர்ப்பு வேறு. தம்பி ஒருமுறை அந்தப் பழைய பயிற்சி மருத்துவருக்காக வாதாடினான். “அப்பா நெஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்தினவரும்மா அவர். நான் இருந்தாலும் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பேன்” என்றான். வீட்டில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அண்ணி, “சிரிக்கட்டும் தம்பி. கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிக்கட்டும். துணி வெறும் துணிதானே?” என்றார்கள். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என நான்காகப் பகுத்தார். வெந்நீர்க் குடுவையுடன் திரைக்கு வெளியே இருப்பவரும் மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கு என்பது அவர் கணக்கு.

இனி நம் ஊருக்கு வருவோம். தாம்பரத்தை அடுத்துள்ள மின்தொடர் வண்டி நிலையத்தின் பெயரே சானடோரியம். காசநோய் மருத்துவமனையின் பெயரில் இயங்கும் நிலையத்தில், அந்தச் சொல்லின் பொருளை எண்ணாமலேயே நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகின்றார்கள். “சானடோரியம் எல்லாம் முன்னால வா” என்று பேருந்து நடத்துநர் கூவுவதை வெளியூர்க்காரர் கேட்டால் திடுக்கிடுவார். பச்சைமலை அடிவாரத்தில் 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது அது. 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று 700க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. சௌரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் காசநோய் இல்லம் நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1917இல் அங்கே சில காலம் அவருடைய பராமரிப்பில் இருந்தார்.

இராமானுஜனைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. நாடு திரும்பிய பின் உடல் நலிந்த நிலையில் அவரைச் சென்னையில் சேத்துப்பட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும், அங்கே எல்லாம் ‘சட்டுப்புட்டு’ என்று முடிந்துவிடும் என்னும் பொருள்படச் சிலேடை சொல்லிச் சிரித்தாராம். 1920 ஏப்ரலில் அங்கேயே முடிந்தது. முப்பத்திரண்டு வயது. தமிழ்ச் சிறுகதையில் கசப்பு நகையின் மன்னரான புதுமைப்பித்தனும் காச நோயில்தான் 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார், அவருக்கு நாற்பத்திரண்டு. இரும்புக் கட்டிலில் வாட்டப்பட்டபோது, ஒரு பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள் என்று சொன்னதாக மரபு கூறும் புனித இலாரன்சு, கொலைமேடைப் படிகளில் ஏறக் கைகொடுக்கச் சொல்லி, இறங்குவதை நான் பார்த்துக்கொள்கின்றேன் என்ற புனித தாமஸ் மோர் ஆகியோரும் இந்த வரிசையில் சேர்வர். சாகின்றவர் தம் சாவைக் கேலி செய்யும்போது நாம் வியந்து நிற்கின்றோம். கேலியின் சொற்கள் மாறவில்லை. சொல்லும் வாய் மாறிவிட்டது. இராமானுஜனின் சிலேடையை அவருடைய மருத்துவர் சொல்லியிருந்தால் அதை இன்று எவர் பொறுப்பார்?

அந்நாளில் காச நோய்க்கு மருந்து இல்லை. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. அதற்கு மேல் போனால், விலா எலும்புகளுக்கு நடுவே காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்கச் செய்வார்கள்; அதுவும் போதாதென்றால் விலா எலும்புகளையே நீக்குவார்கள். மருத்துவரும் தப்பவில்லை. இதயக் குழலைக் கண்டுபிடித்த லாயனெக் 1826இல் காச நோயில் இறந்தார். செகாவ் மருத்துவர், இருமலில் இரத்தம் கண்டபின் அதன் பொருளை அறியாதவர் அல்லர். 1904இல் ஜெர்மனியில் அவர் இறக்கும் தறுவாயில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண்ட மருத்துவர் ஷாம்பேன் வரவழைத்துக் கொடுத்தார். உடல் மாஸ்கோவுக்கு வந்ததோ சிப்பி மீன் ஏற்றும் குளிர்பதன வண்டியில். செகாவே எழுதியிருந்தால் இந்த முடிவைச் சற்று மிகை என்று அடித்திருப்பார்.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952இல் ஐசோனியசிட். 1956இல் அதே சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தே காச நோயைக் குணப்படுத்தலாம், சானடோரியப் படுக்கை கட்டாயமன்று என்பதை உலகுக்குக் காட்டியது. சானடோரியங்களின் காலம் முடிந்தது என்றே எல்லாரும் எண்ணினர். மேலை நாடுகளில் பல மூடப்பட்டன. தாம்பரத்தில் கதை வேறு விதமாகத் திரும்பியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1990களில் பிற மருத்துவமனைகள் தொடவும் தயங்கிய நோயாளிகள், ஆந்திரத்திலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் சானடோரியம் நிலையத்தில் வந்து இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பங்கு மக்கள் சிலருடன் ரொட்டியும் பழமும் எடுத்துக்கொண்டு நாமும் அங்கே சென்றதுண்டு. தமையனார் இறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. வெள்ளை மேலங்கியைக் கண்டாலே நம் நெஞ்சு இறுகும் காலம். அங்கே நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் கிடந்தார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருக்கும். வார்டு மருத்துவர் சுற்றி வரும்போது அவர் ஒவ்வொரு முறையும் ஒரே சேதி சொல்வார்: “டாக்டரய்யா, வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சிருச்சு. ஆர்.டி.ஓ. மேல இருக்காரு, கூப்பிடறாரு.” நடுத்தர வயது மருத்துவர் அவர். முகத்தில் ஒரு மாற்றமும் இன்றி இதயக் குழலை நெஞ்சில் வைப்பார். “ஹாரன் அடிச்சுக் காட்டு” என்பார். ஓட்டுநர் இருமிக் காட்டுவார். “எஞ்சின்ல புகை ஜாஸ்தி. பிரேக் பிடிக்குது. இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்” என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். ஓட்டுநர் அக்கம் பக்கத்துக் கட்டில்களைப் பெருமையோடு பார்ப்பார். அந்த வார்டில் அன்று வேறு சிரிப்பு எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அந்த மருத்துவர் கேலியைத் தாமாகத் தொடங்கியதில்லை என்பதை நாம் மூன்று நான்கு வாரம் கவனித்த பிறகே உணர்ந்தோம். ஓட்டுநர் தொடங்கினால் தொடர்வார். அவர் மூச்சிரைத்துப் பேசாமல் கிடந்த ஞாயிறன்று இவரும் பேசவில்லை. கேலி ஓட்டுநருடைய சொத்து. மருத்துவர் அதில் இரவல் வாங்கிக்கொண்டார். பின்னொரு நாள் அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். கேட்டதற்கு, “எஃப்.சி. வாங்கிட்டார்” என்று மருத்துவர் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சியபடியே நின்றோம். அவர் ஓட்டுநரின் பெயரைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை இறந்தார் என்றார். ஊருக்கு ஆள் அனுப்பியும் எவரும் வரவில்லை என்றார். அந்தப் பெயரை அன்றுதான் நாம் முதன்முதலாகக் கேட்டோம்.

கொடுப்பதற்கு ஏதாவது கையில் இருந்தால் மருத்துவர் கட்டிலை நெருங்குவார். வெறுங்கையாக இருக்கும்போதே விலகி நிற்பார் என்பது நாம் கண்ட நடைமுறை. அந்நாட்களில் டாக்டர் செ. நெ. தெய்வநாயகம் அங்கே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இரசகந்தி மெழுகும் அமுக்கராச் சூரணமும் நெல்லிக்காய் இலேகியமும் கொடுக்கச் செய்தார். அதன் மருத்துவப் பயனைப் பற்றி வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் புக வேண்டியதில்லை. நாளுக்கு இருமுறை கையில் ஒரு மருந்துடன் ஒருவர் கட்டிலருகே வந்து நின்றார் என்பதே நாம் கண்டது. 2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அதன்பின் அங்கிருந்து நடந்தே வீட்டுக்குத் திரும்பியவர்கள் பலர். லாரி ஓட்டுநருக்கு அந்த வண்டி கிடைக்கவில்லை.

மருத்துவரின் பற்றின்மையைப் பற்றி இவ்வளவு எழுதும்போது, மருத்துவரிடம் நாம் காட்டிய பற்றின்மையையும் குறிப்பிடாவிட்டால் கணக்குச் சரியாகாது. 2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அவர் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கூடித் தடுத்தது. கல்லும் கட்டையும் பறந்தன. அவசர ஊர்தியின் கண்ணாடி உடைந்தது. ஓட்டுநரும் உடன் வந்தவர்களும் காயமுற்றனர். நள்ளிரவில் வேலங்காட்டு மயானத்தில் அவருடைய நண்பரான மருத்துவர் பிரதீப் குமார், மருத்துவமனைப் பணியாளர் இருவருடன் சேர்ந்து, மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். கல் எறிந்தவர்கள் எந்த மருத்துவக் கல்லூரியிலும் உணர்ச்சியின்மையைப் பயின்றவர்கள் அல்லர்.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தம்பி நள்ளிரவுக்குப் பிறகே வீடு வருவான். வாசலிலேயே குளித்துவிட்டு, அண்ணி மூடி வைத்த சோற்றைத் தனியே அமர்ந்து உண்பான். அப்போதும் கேலி நிற்கவில்லை. ஆக்சிஜன் உருளைக்கு வரிசையில் நின்ற கதையை, ரேஷன் கடைப் பாமாயிலோடு ஒப்பிட்டுச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தான். அண்ணியும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கதவு சாத்தியிருக்கின்றதா என்று பார்ப்பார்கள்; பழக்கம்.

2021 மே மாதத்தில் ஓரிரவு அவன் வந்து அமர்ந்தான். எத்தனை பேர் என்று நாம் கேட்கவில்லை. வழக்கமாக அவனே ஏதாவது தொடங்குவான். அன்று தொடங்கவில்லை. சோற்றைப் பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான். தட்டைப் பார்த்தபடியே, “இன்னிக்கு ஒண்ணும் இல்லைம்மா” என்றான். அண்ணி எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்து, அவன் பக்கத்தில் தரையில் அமர்ந்துகொண்டார்கள். மோர்ச் சட்டியைக் கிட்டே இழுத்து வைத்தார்கள். அவன் சாப்பிட்டு முடிக்க வெகு நேரமாயிற்று.